சட்டனுக்குப் போகும் வழியில் ஒரு ரீஸ்லிங்

யாழ்ப்பாணத்துச் சனத்திடம் ஒரு சாப்பாட்டைப் பற்றி உண்மை கேட்க வேண்டுமானால், கேட்கிற இடம் முக்கியம். சமைத்தவர் வீட்டில் கேட்டால் கிடைக்காது. உப்புக் கரித்தாலும் கறி அடிப்பிடித்தாலும் "நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றுதான் பதில் வரும். அதே ஆட்கள் விடைபெற்று, வாசலில் இன்னும் அரை மணி நேரம் நின்று கதைத்து, காரில் ஏறிக் கதவைச் சாத்தட்டும், உண்மை கொட்டும். சிலருக்கு சீட் பெல்ட் போடும்வரைகூடப் பொறுமை இருக்காது. இதெல்லாம் துசியந்திக்குத் தெரியாததல்ல. அவளும் எத்தனையோ கார்களின் பின்சீட்டில் இருந்து அப்படிக் கதைத்தவள்தான். ஆனால் வைன் செய்யத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு வைனைத் தவிர வேறு ஒன்றும் ஞாபகத்தில் நிற்பதில்லை.

துசியந்தி பத்தொன்பது வருடம் குடிநீர் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்தவள். லண்டன் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இந்த ஆசை பிடித்தது. மாலை வகுப்புக்குப் போனாள். விடுமுறைக்குப் பிரான்ஸில் அல்சாஸ் மலைப்பக்கம் போய்த் திராட்சை பறித்தாள். கடைசியில் சம்பளமில்லாத ஒரு வருட லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தென் லண்டன் பெக்கமில் ரயில் பாலத்துக்குக் கீழே, கூடமாக அடைத்த ஒரு செங்கல் வளைவை வாடகைக்கு எடுத்தாள். சாறு ஊற்றிப் புளிக்கவைக்க இரண்டு உருக்குத் தாங்கி, ஒரு நீள மேசை, நாலு கதிரை. மேலே ரயில் போகும்போதெல்லாம் கிளாஸ்கள் கிலுகிலுக்கும்.

திராட்சை அந்த மலையிலிருந்து குளிரூட்டிய லொறியில் வந்தது. தோட்டத்துச் சொந்தக்காரி மார்கிரெட், அறுபது வயதுக்காரி, ஒரு சொல்லையும் வீணாக்காதவர். மலையின் மேல் வரிசையில் விளையும் ரீஸ்லிங் திராட்சையை அவர் யாருக்கும் லேசில் கொடுப்பதில்லை. "ஒரு வருடம் தருகிறேன்," என்றிருந்தார். "போத்தலில் அடைக்கிற அன்று லண்டனுக்கு வந்து குடித்துப் பார்ப்பேன். என் மலையை அதில் கண்டால் அடுத்த வருடமும் உனக்கு. காணாவிட்டால், கீழ் ஊரில் ஒருவன் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்."

அடைக்கிற நாள் நாளை, திங்கட்கிழமை. போத்தல் இயந்திரம் ஏற்றிய லொறி காலை எட்டு மணிக்கு வரும். மார்கிரெட்டும் வருவார். திராட்சை கிடைத்தால் துசியந்தி வைன்காரி. கிடைக்காவிட்டால் மே முதலாம் திகதியிலிருந்து மறுபடியும் குடிநீர்.

சிக்கல் சீனியில் இருந்தது. அவள் செய்ய நினைத்தது டிரை ரீஸ்லிங், அதாவது இனிப்பு முன்னுக்கு வந்து நிற்காத வைன். ஒரு தாங்கியில், சாற்றைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட்டை அதன் பாட்டில் விட்டாள். அது சாற்றில் இருந்த சீனி முழுவதையும் தின்றுவிட்டு அடங்கியது. மிஞ்சியது மலையின் புளிப்பு, கத்தி மாதிரி. மற்றத் தாங்கியை இடையில் குளிரவைத்து ஈஸ்ட்டை நிறுத்தினாள். அதில் கொஞ்சம் இனிப்பு தங்கியது. இனி இரண்டையும் கலக்க வேண்டும். எந்த அளவில் கலந்தால் புளிப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. லீற்றருக்கு இரண்டு கிராம் சீனி உள்ளது ஒன்று, ஐந்து கிராம் உள்ளது ஒன்று, எட்டு கிராம் உள்ளது ஒன்று என்று மூன்று போத்தல் கலந்து வைத்தாள். எட்டைத் தாண்டினால் அதை டிரை என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மூன்று கிழமை இடைவிடாமல் சுவைத்ததில் அவளுடைய நாக்கு மரத்துப்போயிருந்தது. பக்கத்து வளைவில் பியர் காய்ச்சுகிற வெள்ளைக்காரனிடம் கொடுத்தாள். அவன் கண்ணை உருட்டி, "சுவாரசியமாக இருக்கிறது," என்றான். வெள்ளைக்காரன் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இருபத்தைந்து வருடம் லண்டனில் இருந்தவளுக்குத் தெரியும். கணவர் சபாரத்தினத்திடம் கொடுத்தாள். அவர் பஸ் கராஜ் ஒன்றில் கொன்ட்ரோலர், சத்தமில்லாத மனிதர். மூன்றையும் குடித்துவிட்டு மூன்று தரமும் "நல்லாயிருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பாட்டு மேசையில் சொல்கிற ஒரே சொல் அதுதான். துசியந்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அதனால்தான் லண்டனின் தென் ஓரத்துச் சட்டனிலிருந்து சபாரத்தினத்தின் அக்கா சிவனேஸ்வரியையும் அவருடைய கணவர் சுபாஸ்கரனையும் அழைத்தாள். சுபாஸ்கரனுக்கு தோர்ண்டன் ஹீத்தில் மதுக்கடை. இருபத்துநாலு வருடம் வைன் விற்ற மனிதருக்கு ஒரு அபிப்பிராயம் இல்லாமலா போகும் என்று நினைத்தாள்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார்கள். வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போகிற வழக்கம் சிவனேஸ்வரிக்குக் கிடையாது. நாற்பது மட்டன் ரோல்ஸ், ஒரு பெட்டி மிளகாய்ச் சட்னி, ஒரு தட்டு தொதல் இனிப்பு. வாசனையே வராத வெறும் பாண் ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்த துசியந்தி, ரோல்ஸ் பெட்டி திறந்ததும் எழுந்த மணத்தில் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மச்சாள், இதைப் பிறகு சாப்பிடுவமே? நாக்கு சுத்தமா இருக்கவேணும்."

"நாக்கு சுத்தமாத்தான் இருக்கு பிள்ளை, காலமை கோயிலுக்கும் போட்டு வந்தனான். நான் குடிக்கிறேல்ல, தெரியும்தானே. சும்மா மணந்து பாக்கிறன்."

மேசைக்குப் பக்கத்தில் துசியந்தி ஒரு பளபளப்பான வாளி வைத்திருந்தாள். வைன் சுவைக்கிறவர்கள் விழுங்குவதில்லை, வாயில் சுழற்றிவிட்டுத் துப்புவார்கள், அதற்கான வாளி அது. சுபாஸ்கரன் தன் குடையை அதற்குள் நிறுத்திவைத்தார். துசியந்தி விளக்கம் சொன்னதும் இருவர் முகமும் மாறியது.

"ஒரு ஆள் கஷ்டப்பட்டுச் செய்து கையில தந்ததை, அவவின்ர முகத்துக்கு முன்னால துப்பிறதோ?" என்று சிவனேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். "அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டன்."

"அண்ணை, நீங்களாவது..."

"என்னால ஏலாது துசி. மனம் வராது." அவர் முதல் கிளாஸை ஒரே மூச்சில் விழுங்கினார். "திறம்!"

"என்ன மாதிரி திறம், அண்ணை? புளிப்பு எப்பிடி?"

"புளிப்பும் திறம்."

தோண்டித் துருவிக் கேட்டதில்தான் தெரிந்தது, சுபாஸ்கரன் தன் கடையில் வைன் போத்தல் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அவர் தொடுவது பிரண்டி மட்டும். வாடிக்கையாளர் எதை வாங்கலாம் என்று கேட்டால், அவர்களின் சப்பாத்தைப் பார்த்துவிட்டு ஒரு போத்தலைக் காட்டுவாராம். இதுவரை யாரும் திரும்பி வந்து சண்டை பிடித்ததில்லையாம். மணந்து மட்டும் பார்க்க வந்த சிவனேஸ்வரியோ, கொடுத்ததை மறுத்தால் பிள்ளை மனம் நோகும் என்று ஒரு சொட்டு எடுத்தார். பிறகு இன்னொரு சொட்டு. ரோல்ஸும் கையுமாக இருந்தார்கள். ஐந்து மணிக்குப் பார்த்தால் மூன்று போத்தலிலும் அடிமட்டம் தெரிந்தது. துசியந்தி புள்ளி போடச் சொல்லிக் கொடுத்த தாளில் சுபாஸ்கரன் மூன்றுக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார். சிவனேஸ்வரி மூன்றுக்கும் பத்து போட்டு, கீழே "முருகன் துணை" என்றும் எழுதியிருந்தார்.

துசியந்தி அந்தத் தாள்களை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள். இனிக் கேட்க ஆளில்லை. மூன்றாவதை, எட்டு கிராமை, அப்படியே அடைத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தாள். இனிப்பு யாரையும் பயமுறுத்தாது. மார்கிரெட்டும் ஒருவேளை பேசாமல் விட்டுவிடுவார்.

சுபாஸ்கரன் கார்த் திறப்பை எடுத்தபோது அது கையிலிருந்து இரண்டு தரம் விழுந்தது. இந்த நிலையில் அவரை விட முடியாது. துசியந்தி இன்று ஒரு சொட்டும் விழுங்கவில்லை, அந்த வாளியைப் பாவித்த ஒரே ஆள் அவள்தான். "நான் ஓட்டிறன்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு திறப்பை வாங்கினாள். தானும் கொஞ்சம் குடித்திருந்த சபாரத்தினம் முன்சீட்டில் அவள் பக்கத்தில் ஏறினார். விருந்தினர் இருவரும் தங்கள் சொந்தக் காரின் பின்சீட்டில் சாய்ந்தார்கள். சீட்டுக்குச் சூடு போடுகிற வசதி இருந்தது. அதைப் போட்டார்கள். கதவு சாத்துப்பட்டது.

அவ்வளவுதான்.

"அப்பாடா," என்றார் சிவனேஸ்வரி. "அந்த மூண்டாவதை எப்பிடியப்பா ஒரு மனிசன் குடிக்கிறது? இருமல் மருந்து."

சபாரத்தினம் திடுக்கிட்டு இருமினார். துசியந்தி கையை நீட்டி அவருடைய முழங்காலை அழுத்தினாள். வாயைத் திறந்தால் கொலை என்று அந்த அழுத்தம் சொன்னது. பின்சீட்டிலிருந்து பார்த்தால் அவள் வெறும் ஒரு தொப்பி போட்ட தலை. காரில் ஏறியதும் கதைக்கிற இருபத்தைந்து வருடப் பழக்கமும் ஒன்றரைப் போத்தல் வைனும் சேர்ந்தால், கார் ஓட்டுகிற தலை யாருடையது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

"நீ பத்துப் போட்டனியே," என்றார் சுபாஸ்கரன்.

"போடாமல்? அந்தப் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டு நிக்குது. சீனியைப் போட்டு என்னத்தையோ மறைச்சு வைச்சிருக்கு. பவுடரை அப்பின பொம்பிளை மாதிரி."

"ரெண்டாவது?"

"வந்ததும் தெரியேல்ல, போனதும் தெரியேல்ல. உங்கட சின்னத் தம்பி மாதிரி."

துசியந்திக்குக் காது சிவந்தது. மூன்று கிழமையாக எந்தப் புத்தகமும் எந்தக் கருவியும் சொல்லாததை, வைன் குடியாத ஒரு மனுஷி டல்விச் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார். கோபம் வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"முதலாவது எனக்குக் கண்ணில தண்ணி வரப் பண்ணிப்போட்டுது," என்றார் சுபாஸ்கரன். "என்ன புளிப்பு!"

"ஓம். ஆனா நான் அதைத்தானே மூண்டு தரம் கேட்டு வாங்கினனான்."

"ஏன்?"

"தெரியேல்ல. முதல் மிடறு முகத்தில அடிக்குது. பிறகு வாய் ஊறுது. இன்னொரு ரோல்ஸ் எடுக்கச் சொல்லுது. ரோல்ஸ் சாப்பிட்டா அதில இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொல்லுது." சிவனேஸ்வரி யோசித்தார். "வாசலில நாய் நிக்கிற வீடு மாதிரி அது. உள்ளுக்குப் போனா நல்ல சனம். வாசலிலதான் பிரச்சினை."

தோர்ண்டன் ஹீத் ரவுண்டபவுட் வந்தது. சட்டனுக்கு இரண்டாவது வழியில் திரும்ப வேண்டும். துசியந்தி திரும்பவில்லை, சுற்றினாள். கதை முடிகிறவரை அவளுக்குச் சட்டன் தேவையில்லை.

"தம்பி, நீ பேசாமல் இருக்கிறாய்," என்று அக்கா முன்சீட்டின் முதுகில் தட்டினார். "நீயும் ஒவ்வொரு நாளும் நல்லாயிருக்கு எண்டு சொல்லி அவளை ஏமாத்திறாய்தானே?"

சபாரத்தினம் துசியந்தி பக்கம் திரும்பவில்லை. ஓட்டுவது யார் என்று அந்தக் காரில் நினைவோடிருந்த ஒரே பயணி அவர்தான். கண்ணாடிக்கு வெளியே ஒரு பஸ்ஸைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"மூண்டாவது அவ பயத்தில கலந்தது, அக்கா. வாறவைக்குப் பிடிக்கவேணும் எண்ட பயம். முதலாவதுதான் அவ. எனக்கு அதுதான் விருப்பம். முகத்துக்கு நேர சொன்னா, தன்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லுறன் எண்டு நினைப்பா, அதுதான் சொல்லேல்ல." பஸ் போய்விட்டது. அவர் அடுத்த பஸ்ஸைப் பார்த்தார். "நாயைக் கலைக்கத் தேவையில்லை. கொஞ்சம் கட்டி வைச்சால் காணும்."

துசியந்தி மூன்றாவது முறையாக ரவுண்டபவுட்டைச் சுற்றினாள். வீதி மங்கலாகத் தெரிந்தது. இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"என்னப்பா இது," என்றார் சுபாஸ்கரன் திடீரென்று. "இந்தப் பெற்றோல் செட்டை நான் இப்ப மூண்டாந்தரம் காணுறன். ஆர் காரை..."

அவர் முன்னுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்தார்.

"துசி," என்றது சிவனேஸ்வரியின் குரல், மிகவும் மெலிந்து. "மூண்டும் நல்லாயிருந்தது பிள்ளை."

"மச்சாள், தயவுசெய்து கதையுங்கோ! இவ்வளவு நேரமும் கதைச்ச மாதிரியே கதையுங்கோ!"

"மூண்டும் திறம்," என்றார் சுபாஸ்கரன்.

அதற்குப் பிறகு சட்டன் வரைக்கும் அந்தக் காரில் பேசியது வழிகாட்டும் கருவி மட்டும்தான். வீட்டு வாசலில் இறங்கியதும் சிவனேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். "நான் ஒரு வாயாடி," என்றார். துசியந்தி அவருடைய இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடினாள். சபாரத்தினம் பின்னால் ஓடினார்.

வளைவுக்குத் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. முதல் தாங்கியிலிருந்து ஒரு குவளையும் மற்றதிலிருந்து ஒரு குவளையும் எடுத்து வைத்தாள். பெரிதாகக் கலக்கத் தேவையில்லை, சொட்டுச் சொட்டாகத்தான். ஆனால் அவளுடைய நாக்கு இன்னும் மரக்கட்டை. சுவைக்க வேண்டியது சபாரத்தினம்.

முதல் கிளாஸை வாங்கிக் குடித்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். "நல்லா..." என்று தொடங்கி, தானே வெட்கப்பட்டு நிறுத்தினார்.

"உங்களுக்கு முகத்துக்கு நேர ஏலாது, என்ன?"

"ஏலாது," என்றார் பரிதாபமாக.

துசியந்தி இரண்டு கதிரையை இழுத்து ஒன்றின் பின் ஒன்றாக, இழுத்து மூடிய இரும்புக் கதவைப் பார்க்க வைத்தாள். அவரை முன்கதிரையில் இருத்தி, தான் பின்னுக்கு நின்றாள். தோளுக்கு மேலால் கிளாஸை நீட்டினாள். சபாரத்தினம் சீட் பெல்ட்டைத் தேடுவதுபோல் ஒரு கணம் இடுப்பைத் தடவினார். பிறகு குடித்தார்.

"நாய் குரைக்குது," என்றார் இரும்புக் கதவைப் பார்த்து.

அவள் கொஞ்சம் கூட்டினாள். "இப்ப?"

"இன்னும் நிக்குது. குரைக்கேல்ல, பல்லைக் காட்டுது."

இன்னும் கொஞ்சம். "இப்ப?"

"இப்ப நித்திரை. கூடிப்போச்சு. இது வீட்டில நாயே இல்லாத மாதிரி."

அவள் அளவைப் பின்னுக்கு எடுத்தாள். ஒரு சொட்டுக் குறைத்தாள், இன்னொரு சொட்டுக் குறைத்தாள். தலைக்கு மேல் ஒரு ரயில் போய் முடிந்தது. சபாரத்தினம் வழமையைவிடக் கூட நேரம் வாயில் வைத்திருந்தார். விழுங்கிவிட்டு, கிளாஸைத் தானாகவே பின்னுக்கு நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"படுத்திருக்கு. ஆனா முழிச்சிருக்கு."

துசியந்தி அளந்து பார்த்தாள். லீற்றருக்கு நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. காகிதத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

காலை ஐந்து மணிக்கே பம்பை ஓடவிட்டு அந்த அளவில் தாங்கியைக் கலந்தார்கள். எட்டு மணிக்கு லொறி வந்தது. எட்டரைக்கு மார்கிரெட் வந்தார், முதுகில் ஒரு பை, காலில் மலை ஏறும் சப்பாத்து. காலை வணக்கம் சொன்னார். கிளாஸைக் காட்டினார். துசியந்தி தாங்கியின் குழாயைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். அவசரத்தில் கொஞ்சம் அவருடைய சப்பாத்தில் சிந்தியது.

மார்கிரெட் மணந்தார். குடித்தார். லொறியில் போத்தல்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவர் வெளியே போய் ரயில் பாலத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என் அப்பா இதைக் குடித்திருந்தால், மேல் வரிசை என்று பார்க்காமலே சொல்லியிருப்பார்," என்றார். "என்னால் இந்தப் புளிப்பை இப்படி நிறுத்திவைக்க முடிந்ததில்லை. திராட்சை உனக்குத்தான்."

துசியந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனால் ஒன்று," என்றார் மார்கிரெட். "மேலே ஏறிப் பறிக்க என்னிடம் ஆளில்லை. அக்டோபர் முதல் இரண்டு கிழமை. உன் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வர வேண்டும். ஒரு ஆள் போதாது. இரண்டு பேர் இல்லையென்றால் என்னால் தர முடியாது."

துசியந்தியின் கை கீழே இறங்கியது. சபாரத்தினத்தின் கராஜில் அக்டோபர் லீவை ஜனவரிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு கடவுளே வந்து கேட்டாலும் கிடைக்காது. இப்போது ஏப்ரல். சம்பளத்துக்கு ஆள் பிடிக்கவும் அவளிடம் வழியில்லை. "நான் இரண்டு பேருடைய வேலையைச் செய்கிறேன்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"ரெண்டு பேர் வருவினம் எண்டு சொல்லும்," என்றார் பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த சபாரத்தினம்.

"உங்களுக்கு லீவு இல்லையே!"

"போட்டிட்டன்."

"எப்ப?"

"ஜனவரியில."

துசியந்தி திரும்பிப் பார்த்தாள். ஜனவரியில் முதல் தாங்கி அழுகின முட்டை மாதிரி நாறியது. கலங்கிப்போய்ச் சேற்றுத் தண்ணீராகக் கிடந்தது. மறுபடியும் குடிநீருக்கே வருகிறேன் என்று அவள் ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கிழமைதான் இந்த மனிதர் கராஜ் அலுவலகத்துக்குப் போய் அக்டோபருக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

சபாரத்தினம் மார்கிரெட்டின் சப்பாத்தைப் பார்த்தார். இரட்டைத்தட்டு பஸ்களை வருடக்கணக்காக ஓடவிட்டும் ஒருநாளும் மேல்தட்டில் ஏறி இருக்காதவர் அவர், உயரம் அவருக்கு ஆகாது. "மலை நல்லாச் சரிவோ எண்டு ஒருக்கால் கேளும்," என்றார் தாழ்ந்த குரலில்.

கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் பார்த்த பார்வையிலேயே மார்கிரெட்டுக்கு விளங்கிவிட்டது. அவர் உள்ளங்கையை விரித்துச் சரிவைக் காட்டினார். கை ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது.

சபாரத்தினம் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு அடுத்த பெட்டியைத் தூக்கினார்.

"ரெண்டு பேர் எண்டு சொல்லும்," என்றார்.